மடிப்பு மாற்றியவள்

தேவதாரு மணத்தோடு வாடிய மல்லிகையின் வாடையும் சேர்ந்து வந்ததுதான் அங்கம்மாளுக்கு முதலில் உறுத்தியது. அந்த அலமாரியில் அவள் பூ வைத்ததே இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் மரக்கடை வைத்திருந்த அவள் கணவர் அப்பாதுரை, வடக்கேயிருந்து வந்த தேவதாருப் பலகைகளை விற்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆள் நுழையுமளவுக்கு ஆழமான சுவர் அலமாரியின் உட்புறம் முழுக்க, கதவின் உள்பக்கம்கூட விடாமல் பதிக்கச் சொல்லியிருந்தார். அந்த வேலை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"வார்னிஷ் மட்டும் அடிச்சிடாதீங்கமா. இந்த வாசனைதான் காவலு. பூச்சி பொட்டு எதுவும் அண்டாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் தச்சர் தேவசகாயம்.

"பூச்சி மட்டும்தானா?" என்று அங்கம்மாள் கேட்டாள்.

"பொடவைக்கு வேற இன்னாமா வரப்போவுது?" என்று அவர் சிரித்தார்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பாதுரையின் மூத்த மனைவி கங்கையம்மாள் பிரசவத்தில், வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள். பூவும் பொட்டுமாகப் போனவள் என்பதால் அந்த வீட்டுக்கு அவள்தான் பூவாடைக்காரி, கும்பிடும் தெய்வம். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் புதுப்புடவை அவளுக்கு. அதைப் பூவோடு படைத்து, சாமி அறையிலுள்ள மூங்கில் பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் உயிரோடு இருக்கிறவள் புதுசு கட்டலாம். அங்கம்மாளின் மகள் செல்லிக்குக் காதுகுத்து வந்தபோதும் படையலுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு வாங்கினார்கள். அதை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள் அங்கம்மாள். செத்தவளுக்கு எதுக்கு இம்மாம் ஜரிகை? கட்டிக்கினு தெருவில் நடக்கப்போகிறாளா என்ன?

தன்னுடைய பழைய அரக்குப் புடவையை இஸ்திரி போட்டு, புதுசுபோல மடித்து, பூவைக் குவித்து மறைத்து அவள் படையல் வைத்தாள். புடவை நிறம் தெரியாத மனுஷன் அப்பாதுரை. கண்கலங்கக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற அங்கம்மாளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. அலமாரி வேலை முடிந்ததும் மயில்கழுத்து அதற்குள் போய்விட்டது.

இப்போது அந்த அலமாரியில்தான் பூ வாடை. கூடவே இன்னொன்று. பட்டை ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை மடிப்போடு விட்டுப்போகும், அதனால் அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். சோம்பல்பட்டு அங்கம்மாள் அதைச் செய்ததே இல்லை. ஆனால் எல்லாப் புடவைக்கும் மடிப்பு மாறியிருந்தது. கரையோடு கரை ஒத்து, நகத்தால் கீறியதுபோல் கூர்மையாக.

சாப்பிடும்போது அப்பாதுரையே பேச்செடுத்தார். "பொடவைங்களுக்கு மடிப்பு மாத்தறே போல இருக்குது. பரவால்லியே. கங்கா கைப்பக்குவம் அப்படியே இருக்குது."

"நீங்க மாத்தலியா?"

"நான் இன்னாத்துக்கு அதைத் தொடப்போறேன்?"

அங்கம்மாள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். அன்றே அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழிகளில் தண்ணீர் ஊறி, பகலெல்லாம் லொடலொடவென்று தறி ஓடும் தெரு வாயடைத்துக் கிடந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், தூளியில் கிடந்த செல்லி காலை உதைக்கும்போதெல்லாம் கிணுங்கும் வெள்ளிக் கொலுசும், அவ்வளவுதான் சத்தம். மதியம் அப்பாதுரை கடைக்குப் போனபின் அங்கம்மாள் தாழ்வாரத்துக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். குழந்தையின் துண்டைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் பூட்டைத் திறந்து பார்த்தாள். அலமாரிக்குள், மயில்கழுத்தின் மேல், நாலாக மடித்து வைத்திருந்தது. எடுத்து உதறினாள். உள்ளேயிருந்து ஒரு பல்லி விழுந்தது.

பல்லியை அடிக்கிற ஊர் இல்லை அது. இதையும் யாரும் அடித்திருக்கவில்லை, நசுக்கவும் இல்லை. தலை வயிற்றின்மேலும் வால் தலையின்மேலும் படிய, ஓரத்தோடு ஓரம் ஒத்து, நாலாக மடிந்திருந்தது. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஐயோ, பிள்ளை!

கூடத்துக்கு ஓடினாள். தூளி லேசாக ஆடியது. உள்ளே செல்லி கைவிரலைச் சூப்பிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் செய்த தப்பு அவளைச் சாமி அறைப் பக்கம் இழுத்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். மயில்கழுத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய் மூங்கில் பெட்டியைத் திறந்தாள்.

பெட்டியில் காய்ந்த பூ மட்டும்தான் இருந்தது. அவள் வைத்த அரக்குப் புடவை இல்லை.

புதுப்புடவையை உள்ளே வைத்தாள். தரையில் நெற்றி பட விழுந்தாள். "புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சிட்டேன் அக்கா. இந்தா, உன்னுது. எடுத்துக்கோ. என்னுத என்கிட்டயே குடுத்துடு."

கூடத்தில் கொலுசு கிணுங்கியது. ஒருமுறை. இன்னொருமுறை.

நின்றது.

"செல்லி?"

மழைச் சத்தம் மட்டும். எழுந்து ஓடினாள். தூளி வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. கையை விட்டுத் துழாவினாள். வெதுவெதுப்பான துணி. பிள்ளை இல்லை.

பூட்ட மறந்த அலமாரிக் கதவு திறந்திருந்தது.

தேவதாரு மணம். மல்லிகை. மயில்கழுத்து இருந்த இடத்தில் அவளுடைய பழைய அரக்குப் புடவை. அழகாக மடித்திருந்தது. மற்றப் புடவைகளைப் போலவே மூன்று விரல் கனம்தான், அதற்கு மேல் இல்லை.

தொட்டாள். சூடாக இருந்தது.

இரண்டு கையாலும் எடுத்தாள். கனத்தது. ஒரு பிள்ளையின் கனம். அப்படியே தரையில் உட்கார்ந்து, அதை மடியில் கிடத்திக்கொண்டாள். விரித்துப் பார்க்கக் கை வரவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மடியிலிருந்த புடவையின் மேல்மடிப்பு மெல்ல எழுந்தது. எதிர்ப்பக்கம் சாய்ந்து, கரையோடு கரை ஒத்துப் படிந்தது. அந்தப் புது மடிப்பின்மேல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கண்ணுக்குத் தெரியாத ஒரு நகம் நிதானமாக அழுத்திக்கொண்டு போனது.

உள்ளே கொலுசு கிணுங்கியது.