இறுகாத தூண்

எழுபத்திரண்டு மணித்தியாலம்.

கொங்கிரீட் ஊற்றி அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. ஒரு பாலத்தூண் தன் காலில் நிற்கப் போதுமான நேரம்.

ஆய்வுகூடத்தில் தொலைபேசி அலறியது...

"ரஞ்சி, அண்ணா கதைக்கிறன்."

மறுமுனையில் சிவபாலன். மெல்பேர்ணின் மேற்கே இரண்டு வழிச்சாலையை நான்காக அகலப்படுத்துகிறார்கள். அதில் வரும் ஆற்றுப் பாலத்துக்கு அவன்தான் பொறியியலாளர்.

"என்ன அண்ணா?"

"முதல் தூணைச் சுத்தி அடிச்ச அச்சுப் பலகையைக் கழட்டினாங்கள்... உள்ளுக்க இறுகேல்லை. அப்பிடியே சரிஞ்சு போச்சு. தச்சன் டோனி அதுக்குள்ள..."

"உயிரோட இருக்கிறாரே?"

"இருக்கிறான். ரெண்டு காலும் நசிஞ்சு போச்சு."

சரிந்த தூணிலிருந்து ஒரு வாளி கலவை ரஞ்சினியின் மேசைக்கு வந்தது. அவள் இரசாயனப் பட்டதாரி. கொங்கிரீட்டைச் சோதிப்பதுதான் வேலை.

பரிசோதனைக் குழாயில் ஊதா வளையம் எழுந்தது.

சீனி!

சீமெந்தை இறுகவிடாமல் செய்ய அதைவிட மலிவான விஷம் இல்லை.

அன்று மாலையே சார்ஜன்ட் மக்கின்லி ஸ்டாவ்ரோஸைப் பிடித்தார். பாலத்தடியில் மில்க் பார் என்ற சிறு பலசரக்குக் கடை நடத்தும் கிரேக்கன். அகலமாகும் சாலை அவன் கடையை இடித்துக்கொண்டுதான் போகும். 'இந்தப் பாலம் நிற்காது' என்று தெருவில் நின்று கத்தியவன்.

கடையின் பின்னறையில் ஐந்து மூட்டை சீனி.

"மில்க் பாரில் சீனி இல்லாமல் செருப்பா இருக்கும்?" என்று கேட்டான் ஸ்டாவ்ரோஸ்.

"நீதிபதி சிரிக்கிறாரா பார்ப்போம்" என்றார் மக்கின்லி.

மறுநாள் பின்னேரம் மக்கின்லி சிவபாலனின் வீட்டுக்கு வந்தார். அண்ணனோடுதான் ரஞ்சினியும் குடியிருந்தாள். கலவையில் சீனி இருந்தது என்ற அவள் வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான்.

"தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று ரஞ்சினி குசினிக்குள் போனாள்.

சிவபாலனின் மனைவி பத்மா வெறும் சீனி டப்பாவைப் பார்த்தபடி நின்றாள்.

"முடிஞ்சுதா மச்சாள்? போன கிழமைதானே அஞ்சு கிலோ வாங்கினனாங்கள்?"

பத்மா டப்பாவின் மூடியை இறுக்கினாள்.

"மச்சாள்..."

"பானகம் கரைச்சனான்."

"அஞ்சு கிலோவிலயா? ஆருக்கு?"

"தூணுக்கு."

ரஞ்சினி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ர அப்பா ஊரில கடை கட்டேக்க முதல் தூண் குழிக்குள்ள ஒரு குடம் பானகம் வார்த்தவர். முப்பது வரிசமா ஆடாமல் நிக்குது. இஞ்ச ஒரு கோயிலும் இல்லை. உங்கட அண்ணாவின்ர முதல் பாலம். நல்லா நிக்கவேணும் எண்டுதான்..."

"அது மண்ணுக்குள்ள வார்த்தது மச்சாள்."

"இஞ்ச குழியை எல்லாம் மூடிப்போட்டாங்கள். டிரைவர் சிகரெட் பத்தப் போனவன். கொங்கிரீட் லொறி வாய்க்குள்ள ஊத்திப்போட்டன்."

"அண்ணா பாத்துக்கொண்டு நிண்டவரே?"

"கொஞ்சப் பால் வார்க்கிறன் எண்டுதான் அவரிட்டச் சொன்னனான்."

குசினி வாசலில் சிவபாலன்.

"நீ சீனி எண்டு சொன்ன உடனே எனக்கு விளங்கிட்டுது" என்றான் மெதுவாக.

"விளங்கியும் அந்த மனிசனைக் காட்டிக் குடுத்தனீங்களோ?"

"நான் காட்டிக் குடுக்கேல்லை. வாய் திறக்கேல்லை, அவ்வளவுதான்."

"அவரை மறியலில போட்டிட்டாங்கள் அண்ணா."

"எனக்கு வேலை போகும். வேலை போனா விசா போகும். போன மாசக் கலவரத்தில ஊரில எங்கட வீட்டை எரிச்சவங்கள். எங்க போறது, சொல்லு?"



பரிசோதனைக் குழாய் சீனி என்றுதான் சொல்லும். யார் போட்டது, யார் உள்ளே போகவேண்டும் என்றெல்லாம் அது சொல்லாது.

"கையெழுத்தை மட்டும் போடு ரஞ்சி. பொய் ஒண்டும் எழுதேல்லைத்தானே?"

உண்மைதான். அந்தத் தாளில் ஒரு பொய்கூட இல்லை.

மூவரும் முன்னறைக்கு வந்தார்கள். மக்கின்லி தேநீரை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இரண்டு கரண்டி சீனி கிடைக்குமா?"

பத்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரிந்தது. ரஞ்சினியைப் பார்த்துத் தமிழில் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொல்கிறார்?"

"கடைக்குப் போய் வாங்கி வருகிறாராம்" என்றான் சிவபாலன்.

மக்கின்லி சிரித்தார். "எந்தக் கடைக்கு? பக்கத்துக் கடைக்காரனைத்தான் நான் உள்ளே வைத்திருக்கிறேனே!"

பேனாவை ரஞ்சினியிடம் நீட்டினார்.

வாங்கினாள். அந்நியர் முன்னால் அவளுக்குக் குரலே வருவதில்லை. கோடு போட்டிருந்த இடத்தில் முனையை வைத்தாள்...

நிமிர்ந்தாள். அண்ணன் தலையை மெல்ல ஆட்டினான். சொல்லவேண்டாம்.

பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"கடைக்குப் போகத் தேவையில்லை, சேர்" என்றாள். "இந்த வீட்டுச் சீனி ஐந்து கிலோவும் அந்தத் தூணுக்குள்தான் இருக்கிறது."