பெடலில் வைத்த கால்

முதலில் அவன் பார்த்தது இரண்டு பாதங்களைத்தான்.

சிவப்புக் காருக்கு அடியிலிருந்து அவை நீட்டிக்கொண்டிருந்தன. வெடித்த குதிகால்... தேய்ந்த ரப்பர் செருப்பு... வலது கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு. அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தத் தகரக் கொட்டகை மேல் மழை, சரளைக்கல்லைக் கொட்டுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நனைந்து வந்த துலுக்கானத்துக்குப் பொறுமை இல்லை.

"டேய் தம்பி, வெளிய வாடா. கார நாங்க பாக்க வேணாமா?"

குனிந்து கணுக்காலைப் பிடித்து இழுத்தான்.

முழங்கையில் சரியாக ஓர் உதை விழுந்தது. அதற்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஓர் உருவம், படுத்திருந்த சாக்கோடு சறுக்கி வெளியே வந்தது. சட்டைக்குக் கீழே... சேலை!

"யோவ்! இன்னாத்துக்குய்யா கால இழுக்குற? நான் இன்னா கோழியா?"

முகமெல்லாம் கரி. அதில் கண்கள் மட்டும்... மழை இருட்டில் வளைவு திரும்பியதும் எதிரே பளிச்சென்று எரியும் லாரி விளக்குகள் மாதிரி. நசரத்பேட்டை லாரி டிரைவர் துலுக்கானத்துக்கு அதைவிட நல்ல உவமை தெரியாது. அந்த வெளிச்சத்தில் மாட்டினால் எவனாக இருந்தாலும் பிரேக்கில் கால் வைத்தே ஆக வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

"பொ... பொண்ணா நீ?"

"இல்ல, எரும மாடு. கண்ணு தெரியல?"

"காருக்கு அடியில பொம்பளைக்கு இன்னா வேல?"

"தோ, சக்கரத்தாண்ட ரப்பர் குழா கீது பாரு... அது நான் செஞ்சது. எங்க கொண்டுபோயி மாட்றாங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

உண்மைதான். இரண்டு தெரு தள்ளி இருந்த ரப்பர் கம்பெனியில் பிரேக் குழாய் செய்கிறவள் அவள். ஒரு கட்டுக் குழாயைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள், கொட்டகை முதலாளி ஜானகிராமன் சொன்ன சேதியைக் கேட்டு நின்றுவிட்டாள். தை மாதம் சோழவரத்தில் கார் ரேஸ். அதற்குள் ரேஸ் கார் வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும். ஞாயிறுதோறும் வகுப்பு. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், கை அழுக்கானால் போதும். கடைசியில் நன்றாகச் செய்கிற ஜோடிக்குக் கொட்டகையிலேயே நிரந்தர வேலை. துலுக்கானம் வந்ததும் அதற்குத்தான்.

நிரந்தர வேலை... கந்தகப் புகை இல்லாத இடத்தில்! ரப்பர் வேகிற வாடை அவள் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. கூட வேலை செய்த வேம்புலியம்மாள் இருமி இருமியே படுக்கையில் விழுந்ததைப் பார்த்தவள் அவள்.

"ஜோடி ஜோடியா பிரிஞ்சுக்கோங்க" என்றார் ஜானகிராமன். எல்லோரும் பிரிந்தார்கள். மிச்சம் நின்றது இரண்டு பேர்.

"வேற ஆளு இல்லியா சார்?" என்று துலுக்கானம் முனகினான்.

"எனக்கும் வேற ஆளு கெடைக்கலய்யா. அதான் கீறேன்" என்றாள் அவள். "எம் பேரு குப்பம்மா. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிடு. அப்பால சிரிச்சா ஸ்பானராலயே அடிப்பேன்."

"நான் இன்னாத்துக்குச் சிரிக்கப் போறேன்? எம் பேரு துலுக்கானம்."

அவள்தான் சிரித்தாள். மழைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு...

ரேஸ் கார் தரையோடு தரையாகக் கிடக்கிற சாதி. முட்டுக் கொடுத்துத் தூக்கியும் துலுக்கானத்தின் தோள் அடியில் நுழையவில்லை. இரண்டு தடவை முயன்று, சட்டையைக் கிழித்துக்கொண்டு எழுந்தான். குப்பம்மா மீன் மாதிரி நழுவி உள்ளே போனாள். அவனுக்கு மிஞ்சியது டிரைவர் சீட்டும் பிரேக் பெடலும்.

"பிரேக் குழாய்க்குள்ள காத்து இருந்தா வண்டி நிக்காது" என்று ஜானகிராமன் சொல்லிக்கொடுத்தார். "மேல இருக்கிறவன் பெடலை அமுக்கிப் பிடிக்கணும். கீழ இருக்கிறவ சக்கரத்துக்கிட்ட இருக்கிற திருகைத் திறந்தா காத்தும் ஆயிலும் வெளிய வரும். அவ திருகை மூடி 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் நீ காலை எடுக்கக் கூடாது. எடுத்தா வந்த காத்து அவ்வளவும் திரும்ப உள்ள போயிடும்."

துலுக்கானம் பழைய லாரியை மிதிக்கிற பழக்கத்தில் தடதடவென்று மிதித்தான்.

"யோவ்... யோவ்! நிறுத்து!" அடியிலிருந்து குரல். "ஆயிலு கள்ளு மாதிரி நொரைக்குது. கள்ளுக்கட தொறந்துட்டாங்கன்னு காருக்கும் ஊத்தி உடுறியா?"

கொட்டகை சிரித்தது. அவனுக்குக் காது சுட்டது.

"மெள்ள அமுக்கு... ஆங்... புடி... புடி... இப்ப உடு."

முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்கு அவன் கால் கட்டுப்பட்டது.

ஞாயிறுகள் ஓடின. பிளக் கழற்றினார்கள், கார்புரேட்டர் துடைத்தார்கள், மறுபடி பிரேக்குக்கு வந்தார்கள். வாரமெல்லாம் பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டும்போது, எங்கே பிரேக்கை மிதித்தாலும் துலுக்கானத்தின் காதில் 'புடி' என்று ஒரு குரல் கேட்டது. சிக்னலில் அவன் காலை எடுக்காமலே இருந்து, பின்னால் நின்ற பஸ் டிரைவரிடம் வசவு வாங்கினான்.

அவளுக்கும் ஏதோ ஆகிக்கொண்டுதான் இருந்தது. பட்டாபிராம் ரயிலில் நெரிசலில் நிற்கும்போது அவள் நினைத்துக்கொள்வாள்... பிறந்ததிலிருந்து எல்லார் சொல்லுக்கும் காத்துக் கிடந்தவள் நான். நைனா சொன்னால் எழ வேண்டும், மேஸ்திரி சொன்னால் உட்கார வேண்டும். இங்கே இவ்வளவு பெரிய ஆம்பளையின் கால், நான் ஒரு வார்த்தை சொல்வதற்காக நடுங்கிக்கொண்டு காத்திருக்கிறதே! 'உடு' என்று சொல்ல அவள் சில சமயம் வேண்டுமென்றே தாமதித்தாள்.

"குப்பு, கால் மரத்துப்போச்சி..."

"மரத்துப் போவட்டும். குப்புன்னு யாரு கூப்ட சொன்னது?"

"அப்ப வேணாமா?"

அடியில் ஸ்பானர் ஒரு சுற்றுத் திரும்பியது. பிறகு, "வேணாம்னு யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டது.

அந்தக் கார்த்திகை ஞாயிறு மட்டும் வராமலே இருந்திருக்கலாம்.

லாரி ஷெட்டு நண்பன் மணவாளன் மூன்று பேரோடு கொட்டகை வாசலில் வந்து நின்றான். "இன்னா மாமே! பொண்ணு கீழேர்ந்து சொல்லுது, நீ மேல குந்திகினு மிதிக்கிற? நல்ல வேலடா!"

குப்பம்மா அப்போதுதான் 'புடி' சொல்லியிருந்தாள். திருகு திறந்திருந்தது. துலுக்கானம் காலை எடுத்தான். காரைவிட்டுக் குதித்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"போடா... அது சொம்மா ஷெட்டு பெருக்க வந்த பொண்ணு. நான்தான் வேல செய்யிறேன்."

காருக்கு அடியில் அவள் திருகை மூடினாள். மெதுவாக வெளியே வந்தாள். ஸ்பானரைத் துணியால் துடைத்து அவன் கையில் வைத்தாள். அந்தக் கண்கள்... விளக்கு அணைந்த லாரி மாதிரி இருந்தன. மழையில் இறங்கி நடந்துவிட்டாள்.

கூப்பிடுவதற்குள் இன்னொன்று நடந்தது. ஜானகிராமன் காரை வெளியே எடுத்தார். பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது... கார் நிற்கவில்லை. எதிரே இருந்த டிரம்மில் மோதி ஒரு விளக்கு நொறுங்கியது.

"காத்த உள்ள விட்டுட்டு, பாதி வேலைல போயிட்டாளா அவ?" என்று கத்தினார். "இனிமே அந்தப் பொண்ணு இங்க வரக் கூடாது!"

துலுக்கானம் வாயைத் திறந்தான். வாசலில் மணவாளன் நின்றுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைவரைதான் அவனால் தாங்க முடிந்தது. வேலை விட்டு அவள் வரும் நேரம் பார்த்து அம்பத்தூர் ஸ்டேஷனில் போய் நின்றான். மழை தண்டவாளத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அவள் வந்தாள். இருமிக்கொண்டே வந்தாள். அந்த இருமலைக் கேட்டபோது அவனுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

"குப்பம்மா... காரு மோதிட்ச்சி. உன் தப்புன்னு நெனச்சிட்டாரு. நான்தான் கால எடுத்தேன். சொல்லல."

அவள் நின்றாள்.

"பெருக்க வந்தவன்னு சொன்னியே... அது போவட்டும். பெருக்குறதும் வேலதான். எங்கம்மா எஸ்டேட்ல பெருக்குறாங்க." தலையிலிருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா நான் புடின்னு சொன்னேன்ல? உன் காலு இருக்குதுன்னு நம்பித்தானய்யா திருகத் தொறந்தேன்..."

"மன்னிச்சிடு குப்பு."

"இங்க யாரு கீறாங்க? நாலு பேரு நடுவுல எறக்கி உட்டுட்டு, ஸ்டேஷன்ல தனியா வந்து மன்னிப்பா? அங்க சொல்லு... அந்த நாலு பேரு நடுவுல சொல்லு."

ரயில் வந்தது. அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவன் நனைந்துகொண்டே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை, மணவாளனையும் மற்றவர்களையும் அவனே கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். குப்பம்மா வாசலோரமாக, உள்ளே வராமல், சாக்குக்கு அடியில் நின்றாள்.

"சார்... அன்னிக்குக் கால எடுத்தது நான். இவனுங்க சிரிச்சானுங்கன்னு வெக்கப்பட்டு எடுத்தேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அவ பெருக்க வரல சார்... அவதான் வேல செஞ்சா. நான் மிதிச்சேன், அவ்ளோதான்."

மணவாளன்கூடச் சிரிக்கவில்லை.

ஜானகிராமன் அவனையே பார்த்தார். "விளக்கு உடைஞ்சது பெருசில்லை. நீ வாயை மூடிக்கிட்டு நின்ன பாரு, அதுதான். உனக்கு இங்க வேலை இல்லை."

"சரி சார்." அவன் வாசல் பக்கம் பார்த்தான். "அவளுக்கு?"

"முதல்ல செஞ்சு காட்டட்டும். யார் மிதிக்கிறீங்க?"

இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தார்கள். குப்பம்மா சாக்கை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"தோ... இவரே மிதிக்கட்டும்."

"இவனா?"

"வேல இல்லன்னுதான சார் சொன்னீங்க? காலு இல்லன்னு சொல்லலியே."

அவள் காருக்கு அடியில் போனாள். அவன் சீட்டில் உட்கார்ந்தான். நாலு சக்கரத்தில் மூன்று முடிந்தது. "அமுக்கு... புடி... உடு" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. கடைசிச் சக்கரம்.

"அமுக்கு... புடி."

திருகு திறக்கும் சத்தம் கேட்டது. பெடல் மெல்ல இறங்கியது. வாசலில் மணவாளனுக்கு வாய் அரித்தது. "இன்னா மாமே, எறங்கி வா... டீ குடிக்கலாம்!"

"வாய மூடுடா. திருகு தொறந்து கீது. அவ சொல்ற வரிக்கும் கால எடுக்க மாட்டேன்." மூச்சை இழுத்தான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான். "இன்னிக்கி மட்டும் இல்லடா... எப்பவுமே எடுக்க மாட்டேன். குப்பு! மெய்யாலுமே எனக்கு உன்ன புடிச்சிருக்குது. என்னக் கட்டிக்கிறியா?"

மழை திடீரென்று நின்றுவிட்டதோ என்று தோன்றியது. இல்லை, நிற்கவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் மூச்சுவிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"பேசாத," என்றது அடியிலிருந்து. "புடி."

பிடித்தான். தொடை நடுங்கியது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. காற்று எல்லாம் எப்போதோ வெளியேறிவிட்டது. வெறும் ஆயில்தான் நூலாக இறங்குகிறது என்று அடியில் இருந்தவளுக்குத் தெரியும். இருந்தும் அவள் திருகை மூடவில்லை. கரி பூசிய விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்... ஏனோ கண்ணும் கலங்கியது.

"குப்பு... கால் மரத்துப்போச்சி..."

"மரத்துப் போவட்டும்."

எவ்வளவு நேரமோ. பிறகு திருகு மூடியது.

"உடு."

ஜானகிராமன் காரை மழையில் வேகமாக ஓட்டிப்போய், அதே டிரம்முக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. அசையாமல்... ஆணி அடித்த மாதிரி நின்றது.

"நாளைலேர்ந்து வேலைக்கு வாம்மா" என்றார்.

குப்பம்மா தலையாட்டினாள். காக்கிச் சட்டையின் கையில் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் கரி இன்னும் பரவியது. மரத்த காலைத் தேய்த்துக்கொண்டு நொண்டி நொண்டி நின்ற துலுக்கானத்தின் எதிரே வந்தாள். அந்த இரண்டு கண்களும் மறுபடி எரிந்தன...

"நீ கேட்டியே... அத்த எங்க நைனாகிட்ட வந்து கேளு. பட்டாபிராம்ல முனியன் ஊடுன்னா யாரு வேணா காட்டுவாங்க."

"இன்னிக்கே லாரிய எடுத்துகினு வரேன்!"

"ஐய... அந்த லாரிலயா?" அவள் ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மொதல்ல அத்த இங்க கொண்டா. பிரேக்க நான் பாக்குறேன். அப்பால வா."