பழுப்பேறிய தகடு

இம்புட்டுப் பழுப்பா இருக்கக் கூடாதே... மாதாவே, இது வேற யாரோடதாவது இருக்கட்டும்.

பாத்திமா கழுத்துச் சிலுவையைத் தொட்டபடி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வியாகுலம்மாள் என்ற பெயர் தெளிவாகவே இருந்தது. கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த துணுக்கு. மதுரையில் சாயமேற்றி வந்திருந்தது. பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் ஒரு புரதம் இருக்கும். அது இருக்கும் இடமெல்லாம் பழுப்பேறும்; மற்ற செல்கள் நீலமாகத் தெரியும். இந்தத் தகட்டில் நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. புற்று வேகமாக வளர்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

வெளியே மழை. வியாகுலம்மாளின் மகன் இனிகோ முதன்முதலில் இந்த லேபுக்கு வந்த அன்றும் இப்படித்தான்... நனைந்த சட்டையோடு, அம்மாவின் சதைத் துணுக்கு இருந்த சீசாவை நீட்டினான். மூடியைத் திறந்ததுமே அவள் சீறினாள்.

"சதை கெடாம இருக்க ஊத்துன மருந்து வாசனையே காணோம்! யாருங்க இதுல தண்ணி ஊத்துனது?"

"தண்ணி இல்லங்க... தீர்த்தம். நாத்தம் அடிக்குதுன்னு மருந்தைக் கொட்டிட்டு அம்மா ஊத்திட்டாங்க."

"சதை கெட்டுப்போச்சுங்க! மறுபடி அவங்கதான வலியத் தாங்கணும்?"

"என்னைய வேணா செத்த நேரம் திட்டிக்கங்க. அம்மாவத் திட்டிராதீங்க."

இமையில் சொட்டிய மழையை அவன் துடைக்கக்கூட இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுமுறை துணுக்கு எடுத்தபோது வியாகுலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பாத்திமாதான். "இனி இந்தப் புள்ள சொன்னாத்தான் நான் எதையும் நம்புவேன்" என்றார் அந்த அம்மா.

இப்போது டாக்டரைப் பார்த்துவிட்டு இனிகோ அவள் முன்னால் நின்றான்.

"பாத்திமா... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அம்மாவுக்கும்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்துல கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. தையிலதான் முடியும். அதப் பாத்துட்டுத்தான் மதுரைக்குக் கதிர்க் கரண்டு வைக்கப் போவேன்னு அடம் புடிக்கிறாங்க."

"தை வரைக்குமா?"

"வைத்தியம் பாத்தாலும் உறுதி இல்லையாம். ஒரு கல்யாணத்தையாவது பாத்துட்டுப் போகட்டுமே... மெதுவாத்தான் வளருதுன்னு அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

தை மாதம்... வெள்ளைச் சேலை... பீடத்துக்கு முன்னால் பக்கத்தில் இவன். ஒரே ஒரு வார்த்தை. ஆசைப்பட்ட மனசை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. எப்ப இருந்துன்னு கேட்டா சொல்லத் தெரியல."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப அம்மாகிட்ட...?"

"நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் கூட வாரேன்."

"நம்ம கல்யாணம்?"

"தெரியல..." அவள் குரல் தாழ்ந்தது. "மெதுவா வளருதுன்னு மட்டும் என் வாயிலருந்து வராதுங்க."