ஆபத்து: குறைவு

வல்லாஹி! இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கண்ணால் கண்ட ஆளே என்னிடம் சொன்னது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"தண்ணி! தோணிக்குள்ள தண்ணி!"

காலை ஒன்பது மணி. உப்புநீர்க் களப்பின் நடுவில் றிஷாட் அலறினான்.

கம்பஸ் படகுச் சங்கத்தின் தலைவர் அவன். புத்தம்புதுச் சங்க டீ-சேர்ட். நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு நங்கூரம். அதைத் தவிர அவனுக்கும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது... நீந்தவும் தெரியாது!

தோணியில் மூன்றே பேர். றிஷாட். சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர் முஸ்பிறா. பின்னால் சவள் வலிக்கும் தோணிக்காரர் வல்லிபுரம். நாளைக்கு முதலாம் வருசப் பிள்ளைகள் முப்பது பேர் வருகிறார்கள். இன்று ஒத்திகை.

முஸ்பிறா அசையவில்லை.

அவள் கையில் தோணியின் அடி ஓட்டையை அடைக்கும் தக்கை!

பதின்மூன்று மாதம் காத்திருந்த கை அது.

"பைத்தியமா புள்ள உனக்கு? ஓட்டைய அடை!"

"அடைக்கலாம். முதல்ல ஜக்கெட்டப் போடுங்க, பிரசிடண்ட்."

"எங்க ஜக்கெட்?"

"பன்னிரண்டு இரிக்கே..." மடியிலிருந்த பைலை விரித்தாள். "ஆபத்து மதிப்பீட்டுப் படிவம். 'உயிர்காப்பு அங்கிகள் பன்னிரண்டு. படகில் உள்ளன.' உங்கட ஒப்பம்தானே?"

"அது... சங்க ரூமுக்குள்ள இரிக்கி!"

"ஏன் கொண்டு வரல்ல?"

"போட்டோ எடுக்கணுமே... ஜக்கெட் போட்டா டீ-சேர்ட் விளங்காது..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான்.

போன வருசமும் ஒரு போட்டோ எடுத்தார்கள். நடுக்கடலில். பன்னிரண்டு டீ-சேர்ட், பன்னிரண்டு சிரிப்பு. ஓரத்தில் நின்றவன் நளீர். முஸ்பிறாவின் காக்கா, உடன்பிறந்த அண்ணன். அடுத்த அலைக்கு விழுந்தவன், மையத்தாகத்தான் கரை சேர்ந்தான். மற்றப் பதினொரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விசாரணை அறிக்கையில் ஒரே வரி... 'சொல்வழி கேளாமல் அங்கியைத் தானே கழற்றினார்.'

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், தாய் சல்மா உம்மா தேத்தண்ணிக்கு முதல் அதைத்தான் சொல்வாள். "என்ட புள்ள சொல்வழி கேக்கிறவன்."

அந்த வரியை அழிக்கத்தான் முஸ்பிறா இந்தச் சங்கத்திலேயே சேர்ந்தாள்.

"எங்கட காக்காவ ஜக்கெட் கழட்டச் சொன்னது ஆரு?"

"அவன்... தானாத்தான்..."

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

"இதில ஆழம் எவ்வளவு தெரியுமா?"

"முப்பதடி! படிவத்தில இரிக்கி!"

"அப்ப முதலுதவிப் பொறுப்பாளரக் கூப்பிடுங்க. அவர்ர பேரும் படிவத்தில இரிக்கி. வாசிங்க!"

றிஷாட் குனிந்து வாசித்தான்.

'முதலுதவிப் பொறுப்பாளர்: ஏ. நளீர்.'

கீழே நளீரின் ஒப்பம்!

மையத்து ஒப்பமிடுமா?

இடாது. போட்டோக்கொப்பி மெஷின் இடும்! போன வருசப் படிவத்தைக் கொப்பி அடித்து, திகதியை மட்டும் மாற்றுவதுதான் சங்கத்தில் பரம்பரை வழக்கம்.

"மௌத்தான மனிசனுக்கும் நாளைக்கு வேல குடுத்திருக்கீங்க. வெட்கமில்லையா?"

"வல்லிபுரம் அண்ணன்! நீங்களாவது சொல்லுங்க!"

வல்லிபுரம் வெற்றிலையை ஒதுக்கினார். "கெதியாச் சொல்லு மனே. எனக்கிட்ட இருக்கிறது ஒரு தோணிதான்."

தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான்... றிஷாட் உடைந்தான்.

"நான்தான்! நான்தான் எல்லாரையும் கழட்டச் சொன்னன்! நளீர் மாட்டன் எண்டான்... 'கழட்டாட்டி போட்டோவில நிக்காத' எண்டன்... யா அல்லாஹ்! தக்கையப் போடு தங்கச்சி!"

முஸ்பிறா முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

"உம்மா... கேட்டிச்சா?"

"கேட்டிச்சு மகள்." சல்மா உம்மாவின் குரல் நிதானமாக வந்தது. "கம்பஸ் பதிவாளர்ட கந்தோருக்குள்ளதான் இரிக்கன். ஸ்பீக்கர்ல போட்டிரிக்கன். அவர் எழுதிக்கொண்டிரிக்காரு."



"உம்மா, தக்கைய என்ன செய்ய?"



"வீசு மகள்!"

சளக்!

தக்கை போன இடம் தெரியவில்லை. றிஷாட் கலிமாச் சொல்லிக்கொண்டே களப்பில் குதித்தான். கையை அடித்தான். காலை அடித்தான். தண்ணீரைக் குடித்தான்!

"தம்பி," என்றார் வல்லிபுரம், "எழும்பி நில்லு."

நின்றான்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது!

முப்பதடி போன வருசக் கடலின் ஆழம். இது களப்பு. சேற்றுத் தண்ணீரில் அடி விளங்காது. தோணியும் சேற்றில் குந்திவிட்டது.

"பொலிசுக்குப் போவன்! நீ என்னக் கொல்லப் பாத்தாய்!"

"தாராளமாப் போங்க." முஸ்பிறா படிவத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "'ஆபத்து: குறைவு.' கீழ உங்கட ஒப்பம்."

"நாளைக்கு... பயணம்?"

"முப்பது பிள்ளையளும் போவாங்க. முறைக்குப் பன்னிரண்டு பேரா, ஜக்கெட்டோட. புதுப் படிவம் நான் எழுதிட்டன்... உங்கட பேர் அதில இல்ல."

சந்தேகமிருந்தால் இதை எனக்குச் சொன்ன வல்லிபுரத்தையே போய்க் கேளுங்கள். சவளக்கடை ஊரில் வயல் செய்கிறார். பிறந்த நாள் முதல் தோணியில் ஏறியதே இல்லை!