செத்த கம்பி

சுவிட்சின் கைப்பிடியை இறக்கிப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு வந்து கால் நாழிகை ஆகியும் அந்த மின்கம்பி இரைந்தது.

நல்லகாமன் தொரட்டியைக் கீழே இறக்கினான். மின்சாரக் கம்பெனி அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. ஆட்கள் வாயில் அது தொரட்டிதான். மூன்று ஆள் நீளத்துக்கு எண்ணெய் ஊறிய மூங்கில், நுனியில் இரும்புக் கவை. கரண்டு ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் கவையைக் கொண்டுபோனால், தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி அது இரையும். செத்த கம்பியில் சத்தம் இருக்காது. முதலில் உயிர்க் கம்பியில் காட்டித் தொரட்டிக்கு வாய் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், பிறகு கரண்டை அறுத்துவிட்ட கம்பியில் கேட்க வேண்டும், மறுபடி உயிர்க் கம்பியில் கேட்க வேண்டும். கேட்டவன் ‘செத்துருச்சு’ என்று குரல் கொடுக்க, ஏறுகிறவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கம்பத்தில் கால் வைக்கலாம். கரண்டு இல்லையென்று எழுதிக் கொடுத்த சீட்டை நம்பி, கூட வேலை பார்த்த மலையாண்டி ஏறிக் கரிந்துபோன பிறகு வந்த வழக்கம் அது. அவனைக் கீழே இறக்கியவர்களில் நல்லகாமனும் ஒருவன்.

எழுமலைப் பாதையை ஒட்டிய கரிசல் காடு உச்சி வெயிலில் காந்திக்கொண்டிருந்தது. வெடித்த பருத்திக் காய்களின் வறண்ட வாடையும் சூடேறிய மரக் கம்பத்தின் தார் வாடையும் நெஞ்சை அடைத்தன. கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ் கீறல் விட்டிருந்தது, அதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. பகல் ஒரு மணிக்குள் பஞ்சு அரவை மில்லுக்குக் கரண்டு போகாவிட்டால் திங்கட்கிழமை இரண்டு பேரும் வர வேண்டாம் என்று ஓவர்சீயர் சௌந்தரராஜன் சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றியபடி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கம்பம் ஏறும் தோல் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான் சுருளி. நல்லகாமனின் தங்கை முத்துத்தாயைக் கட்டியவன். அவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே நல்லகாமன்தான்.

“வண்டு கம்பியில இல்ல மச்சான், ஒங்க காதுக்குள்ள பூந்துகிருச்சு” என்றான்.

நல்லகாமன் சிரிக்கவில்லை. சுவிட்ச் கம்பம்வரை நடந்து அண்ணாந்து பார்த்தான். சுவிட்சின் மூன்று செப்புக் கத்திகளும் திறந்து தொங்கின; இடையில் வானம் தெரிந்தது. இந்தப் பக்கம் கரண்டு வர வழியே இல்லை. சுவிட்சுக்கு அந்தப் பக்கத்து உயிர்க் கம்பியில் காட்டினான். தொரட்டி இரைந்தது. திரும்பி வந்து அறுத்த கம்பியில் காட்டினான்.

சத்தம் இல்லை.

மூன்று கம்பிகளிலும் மூச்சை அடக்கிக் கேட்டான். அந்த அமைதி அவனுக்குப் பிடிக்கவில்லை. காட்டில் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகளும் அடங்கியிருந்தன. இரைந்த கரண்டு இவ்வளவு நேரம் எங்கே இருந்தது, இப்போது எங்கே போனது என்று ஓவர்சீயரிடம் கேட்க முடியாது. மறுபடி சுவிட்ச் கம்பத்துக்குப் போய்ப் பார்த்தான். தொரட்டிக்கு வாய் இருந்தது. மிச்சக் கரண்டு இருந்தால் மண்ணில் இறங்கட்டும் என்று, சங்கிலியின் ஒரு நுனியைத் தரையில் அறைந்த இரும்பு முளையில் மாட்டி, மறுநுனியைக் கம்பிகள்மேல் வீசினான். பொறி எழவில்லை. இதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தும் இன்னொரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுத்தான்.

“செத்துருச்சு.”

“செத்துருச்சு” என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சுருளி ஏறினான்.

உச்சியில் வாரை மாட்டிச் சாய்ந்து நின்று பழைய பீங்கானைக் கழற்றினான். கயிற்றில் புதியதைக் கட்டி மேலே அனுப்பியபோது நல்லகாமனுக்கு முதலில் வாடைதான் தட்டியது. மயிர் பொசுங்கும் வாடை. காற்றே இல்லை, ஆனாலும் அது மேலேயிருந்து இறங்கி வந்தது. அதன் பின்னாலேயே, காதில் விழுந்தும் விழாத மாதிரி, அந்த இரைச்சல்.

தொரட்டியைத் தூக்கிக் கம்பியில் காட்டினான். இல்லை. அடுத்ததில் காட்டினான். இல்லை. மூன்றாவதிலும் இல்லை. இறக்கும்போது கவை சுருளியின் முதுகை ஒட்டி வந்தது.

இரைந்தது.

விலக்கினான். நின்றது. கம்பத்தில் காட்டினான், வாரில் காட்டினான். சத்தமில்லை. மறுபடி முதுகுப் பக்கம் கொண்டுபோனான்.

இரைந்தது.

“மாப்ள, ஒடம்புக்கு என்னமும் பண்ணுதா?”

“ஒண்ணும் பண்ணலையே மச்சான்.” புதிய பீங்கானை முறுக்கிக்கொண்டே சொன்னான். “லேசாக் குளுருது.”

வெயிலில் கால் வைக்க முடியாதபடி தரை கொதித்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து சுருளி இறங்கத் தொடங்கினான். அவனை மேலேயே இருக்கச் சொல்லலாம். எதுவரைக்கும்? காய்ந்த மரத்தில் இருக்கிறவரை பிழைத்திருப்பான், காக்கை கம்பியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தரையைத் தொட்டால்? சொல்ல நினைத்தான். ‘செத்துருச்சு’ என்று சொன்ன அதே வாய் இப்போது ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு அடி இறங்க இறங்க இரைச்சல் கூடியது. நல்லகாமன் பின்னால் நகர்ந்தான்.

சுருளியின் வெறுங்கால் மண்ணில் பட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. வெடிக்கவில்லை, விழவில்லை. நின்றான். இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

“என்ன மச்சான், என்னையவே சோதிக்கிறீக. இந்த வாரக் கழட்டி விடுங்க” என்று பக்கத்தில் வந்தான்.

நல்லகாமன் கை நீட்டவில்லை. சுருளியின் கண்ணைப் பார்த்தான். அதே கண். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அவன் கால் பட்ட இடத்தில் எறும்புகள் சுருண்டு கிடந்தன.

அப்போதுதான் வரப்பின் மேல் முத்துத்தாய் வந்தாள். தலையில் கஞ்சிக் கலயம், இடுப்பில் கைப்பிள்ளை.

“தாயி, அங்கனயே நில்லு.”

சத்தம் அவளுக்கு எட்டவில்லை. அவள் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு, அண்ணன் முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்டாள். பிள்ளை அப்பனைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டித் தாவியது. சுருளி திரும்பினான். கை நீட்டினான்.

“வாடா என் ராசா.”

நல்லகாமன் தொரட்டியைக் குறுக்கே நீட்டினான். கவை கதறியது. முத்துத்தாய்க்கு அது கேட்கவில்லை. சுருளிக்கும் கேட்கவில்லை. மூங்கிலைப் புறங்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டுச் சுருளி இன்னும் ஓரடி வைத்தான்.

அப்பன் கைக்கும் பிள்ளை கைக்கும் இடையில் ஒரு சாண்.

காற்றில்லை. ஒரு இலை ஆடவில்லை. பிள்ளையின் செம்பட்டை முடி மட்டும், ஒவ்வொரு இழையாக, அப்பன் பக்கம் எழுந்து நின்றது.