முகம் வரையாத அப்பா

காலை எட்டே முக்காலுக்குக் கிளிட்டஸ் பள்ளி வாசலில் வந்து நின்றுவிடுவார். வரிசையில் வரும் மாணவிகளின் வாசிப்புத் தகடுகளை வாங்கி, அவரவர் கண்ணுக்கு நேரே பிடிப்பார். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால், தனக்கென்று ஆக்கப்படாத எதையோ அந்தப் பெண் திறக்கப் பார்த்திருக்கிறாள் என்று பொருள். தூத்துக்குடியில் பதினெட்டு வருடமாக அவர் கண்பூட்டு ஆய்வாளர்.

காகிதம் ஒழிந்து, எல்லா எழுத்தும் தகட்டுக்குள் போய்விட்ட காலம். ஒரு நூல் யாருக்காக ஆக்கப்பட்டதோ அவர்கள் கண்ணுக்கு மட்டுமே திறக்கும். ஷோஜோ மங்கா, அதாவது ஜப்பானில் சிறுமிகளுக்கென்றே வரையப்படும் படக்கதை, பத்து முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பெண்களுக்கு. அதைப் பிறருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினால் வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் ஓராண்டு கண்முடக்கம். எந்தத் தகடும் அவர்களுக்குத் திறக்காது.

மூன்று வருடத்துக்கு முன்பு அவர் மனைவி பிரிஸ்கா நோயில் படுத்திருந்தாள். அப்போது பதினைந்து வயதான மகள் ஜெனோவா, மாலைதோறும் அம்மாவுக்கு ஒரு மங்காவை வாசித்துக் காட்டினாள். கிளிட்டஸ் அதைக் கண்டார். ஆய்வாளர் வீட்டிலேயே சட்டம் மீறினால் ஊர் என்ன சொல்லும் என்று, மறுநாளே கண்பூட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் கண்முடக்கம் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், கதையின் முடிவைக் கேட்காமலே பிரிஸ்கா இறந்துபோனாள். பதினெட்டு முடிந்த அன்று ஜெனோவா மதுரைக்குக் கிளம்பினாள். இனித் தனக்கும் திறக்காத அந்த மங்காத் தகட்டை எதிர்வீட்டு அப்ரினிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பின் அப்பா அழைத்தால் அவள் எடுப்பதில்லை.

ஒரு ஞாயிறு மதியம் கிளிட்டஸ் அப்ரினைத் தேடிப் போனார். பதினேழு வயதுப் பெண். ஒரு காலத்தில் மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், இப்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதையில் அப்படி என்னதான் இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் அவர்.

"மூணு வருசம் கழிச்சா சார்?"

அவள் உள்ளே போய்த் தகட்டை எடுத்து வந்தாள். அதில் எதையோ தட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். உட்காரச் சொல்லவில்லை.

குற்றப் பத்திரிகை வாசிப்பவள்போலப் படங்களையும் சொல்லிக்கொண்டே போனாள். வலமிருந்து இடமாக நகரும் பக்கங்கள். முகத்தில் பாதி கண்ணாக ஒரு சிறுமி. கப்பல் வேலைக்குப் போன அப்பாவை எதிர்பார்த்திருக்கும் வீடு. ஓரிடத்தில் கட்டங்களின் கோடுகள் மறைந்து சமையலறை முழுக்கப் பூக்கள். வீட்டுக்குள் பூ எப்படி வந்தது என்று கேட்டார் கிளிட்டஸ்.

"அது தோட்டத்துப் பூ இல்ல. அவ மனசு. பிரிஸ்கா மாமிக்கு இத விளக்க வேண்டியிருக்காது."

ஏழாம் பாகத்தில் அப்பா ஊர் திரும்பினார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஜெனோவா ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். 'அம்மா இந்த எடத்துல சிரிச்சாங்க. அப்படியே உங்கப்பாதான்னு சொன்னாங்க.'

படத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று கிளிட்டஸ் கேட்டார்.

"முதுகு மட்டுந்தான். முகமே வரையல."

பிற்பாடாவது வரைந்திருக்கிறார்களா என்றார். கடைசிவரை இல்லை என்றாள். மிச்சமிருந்த ஐந்து பாகங்களில் ஒரு குறிப்புகூட இல்லை. அவர் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்த நாளோடு மகளின் குறிப்புகள் நின்றிருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்ரின் தகட்டை அணைத்தாள்.

"ஆரம்பிக்கும்போதே வாரியத்துக்குத் தகவல் அனுப்பிட்டேன். எனக்கும் ஒரு வருசம் போவும். போவட்டும்."

அவளுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு.

அவர் வேலை போயிற்று. தகட்டில் மருந்துச் சீட்டு, செபப் புத்தகம், எதை எடுத்தாலும் வெறும் வெள்ளை. நாற்பது நாள் கழித்து ஜெனோவாவிடமிருந்து முதல் கடிதம் வந்தது. தகடு, அனுப்பியவர் பெயரை மட்டும் குரலில் சொன்னது. அவருக்கென்று எழுதிய கடிதம் வேறு யார் கண்ணுக்கும் திறக்காது. அவர் கண்ணோ முடங்கிக் கிடந்தது. மூன்று நாள் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை அப்ரின் சொல்லியிருப்பாள், மகள் மனம் இளகித்தான் எழுதியிருக்கிறாள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். நாலாம் நாள் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவள் அவரையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். லெட்டர் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது, திறக்கவில்லை என்றார்.

"வர வேண்டாம்னுதான் மொத வரியே எழுதியிருந்தேன்," என்றாள் ஜெனோவா.

அதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்.

"ரெண்டு பக்கம் இருக்கு. அத என் வாயால சொல்ல மாட்டேன்ப்பா."

கதவு சாத்திக்கொண்டது. கிளிட்டஸ் படியிறங்கினார். கண்முடக்கம் முடிய இன்னும் பத்தரை மாதம் இருந்தது.