இடது பக்கத்துச் சத்தம்

பள்ளிக்கூட வாசலில் அம்மா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கிய கொசுவுக்கு அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கடகட, கடகட. டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டு யாரோ குலுக்குவது போல.

கொசு என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. ஓர் இடத்தில் உட்காராமல் எல்லாரையும் சுற்றிச் சுற்றி வருகிறாள் என்று சித்தப்பா வைத்த பெயர். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது போகவில்லை. ஆனால் அன்று வகுப்பில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சரே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை, கவலை. அம்மா நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். மறுநாள் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய நாள். அந்தப் பாதையில் வீடுகளும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. வண்டி நின்றால் நின்றதுதான்.

சாயங்காலம் அவள் நச்சரித்ததில், இருவரும் சித்தப்பாவின் மெக்கானிக் கடைக்குப் போனார்கள். வேறொருவரிடம் வேலை பார்த்துவந்த சித்தப்பா அப்போதுதான் சொந்தமாகக் கடை போட்டிருந்தார். பெயர்ப் பலகையில் பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை.

சித்தப்பா குனிந்து, பின்சக்கரத்துக்குப் போகும் செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். தொளதொளவென்று இருந்தது. அதுதான் காரணம் என்றார். செயினை இறுக்கி, ஆயில் விட்டு, தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லாயிடுச்சு அண்ணி. தைரியமா மலை ஏறுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது வேகத்தில் சத்தம் கேட்கவில்லைதான். ஆனால் வழியில் ஒரு லாரிக்காக நின்றதும், கொசுவின் இடது பாதத்துக்குக் கீழே மறுபடியும் கடகட, கடகட.

"அம்மா, சத்தம் போகலை."

பழைய வண்டி என்றால் கொஞ்சம் முனகத்தான் செய்யும் என்றார் அம்மா. திரும்பிப் போய்க் காட்டலாம் என்று கொசு சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை. இருந்த வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டதற்கு எத்தனையோ பேர் சித்தப்பாவைக் கேலி செய்கிறார்களாம்.

"வீட்டு மனுஷங்களே நம்பலைன்னா, வெளியில யாரு நம்புவாங்க?" என்றார் அம்மா.



சாப்பிடும்போது தம்பி, வண்டிக்குள் ஓர் அணில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறது என்றான். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொசு மட்டும் சிரிக்கவில்லை. சொன்னால் சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போகும். சொல்லாவிட்டால் அம்மா மலைப்பாதையில் தனியாக நிற்பார். படுத்த பிறகும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தாள். இரண்டுமே அவளைத் தூங்க விடவில்லை.

காலையில் அம்மா வண்டியைக் கியரில் போடாமல் நியூட்ரலில் ஓடவிட்டு, மருந்துப் பையை எடுக்க உள்ளே போனார்.

சித்தப்பா நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, அதன் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பதைக் கொசு பார்த்திருக்கிறாள். ஸ்குரூடிரைவருக்கு அவள் எங்கே போவாள்? சமையலறையிலிருந்து நீளமான மரக்கரண்டியை எடுத்து வந்தாள். பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் பின்பக்கத்தில் செயினுக்கு மேலே இருந்த தகட்டில் கரண்டியை வைத்துக் கேட்டாள். லேசான அதிர்வு மட்டும். சீட்டுக்குக் கீழே வைத்தாள். அங்கேயும் அதேதான். கால் வைக்கும் கம்பிக்கு முன்னால், இடது பக்கத்தில், முட்டை வடிவில் ஒரு பெரிய மூடி இருந்தது. அதில் வைத்தாள். கடகட, கடகட. சத்தம் காதுக்குள்ளேயே குதித்தது.

அவள் திரும்பிப் பின்சக்கரத்தைப் பார்த்தாள். சக்கரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா இறுக்கிய செயினும் அசையவில்லை.

"என் கரண்டிக்கு அங்க என்ன வேலை?" என்றார் வாசலுக்கு வந்த அம்மா.

உடனே சித்தப்பா கடைக்குப் போக வேண்டும் என்றாள் கொசு. மலைக்கு அந்தப் பக்கத்தில் காலில் புண்ணோடு ஒரு தாத்தா காத்திருக்கிறார், அவருக்குக் கட்டு மாற்ற வேண்டும், நேரமில்லை என்றார் அம்மா. கொசு விடவில்லை. சித்தப்பா செய்தது தப்பு என்று சொல்லப் போவதில்லை, ஒரே ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று கெஞ்சினாள். பள்ளிக்குப் போகும் வழிதானே என்று அம்மா கடைசியில் இறங்கி வந்தார்.

கடையில் ஒரு தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரைக் காட்ட வந்த புது வாடிக்கையாளர். வெளியாள் முன்னால் எப்படிக் கேட்பது? வண்டியை அணைக்க வேண்டாம் என்று அம்மாவுக்குச் சைகை காட்டிவிட்டு, சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"சித்தப்பா, பின்சக்கரம் சுத்தாதப்போ, பின்பக்க செயின் சத்தம் போடுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நிக்கிற செயின் எப்படிம்மா சத்தம் போடும்?"

சித்தப்பா சிரித்துக்கொண்டே வண்டியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

கடகட, கடகட.

அவர் காது மடல்கள் சிவந்தன. கொசு தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா ஸ்குரூடிரைவரை எடுத்து, அந்த மூடியில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். கிளட்சைப் பிடித்தார், விட்டார். சத்தம் மாறவில்லை. ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகினார். சத்தம் அடங்கியது. விட்டதும் மறுபடி வந்தது. வண்டியை அணைத்தார்.

"அண்ணி, நேத்து நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார், பெஞ்சில் இருந்தவருக்கும் கேட்கும்படியாக. "இதுல மலை ஏறாதீங்க."

மூடிக்குள் இன்னொரு செயின் இருக்கிறது, இன்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோவது அதுதான், வெளியே தெரியாது என்று விளக்கினார். தையல்காரர் எழுந்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார் என்று கொசு பயந்தாள். அவரோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டியருகே வந்து குனிந்தார்.

வடிந்த ஆயிலில் இரும்புத் தூள் மினுங்கியது. மூடியைக் கழற்றினால், உள்ளே செயின் தொங்கிப்போயிருந்தது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கட்டை காகிதம்போலத் தேய்ந்திருந்தது. மூடியின் உட்புறத்தில் செயின் அடித்து அடித்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. கொசு அதில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கியது.

"ஏத்தத்துல இது அறுந்திருந்தா..." என்று தொடங்கிய சித்தப்பா முடிக்கவில்லை.

அம்மா அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

தாத்தா காத்திருந்தாரே! சித்தப்பா தன்னுடைய வண்டிச் சாவியை அம்மா கையில் வைத்தார். அம்மா அந்த வண்டியிலேயே கொசுவைப் பள்ளியில் விட்டுவிட்டு மலைக்குப் போனார்.

அன்று முழுவதும் கொசுவுக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. கிளம்பும்போது சித்தப்பா அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லையே.

பள்ளி விட்டதும் வாசலில் அம்மாவின் வண்டி நின்றது. அதன்மேல் சித்தப்பா. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச் சொல்லு" என்றார்.

கொசு பையைக் கீழே வைத்துவிட்டு, இடது பக்கம் குனிந்து கேட்டாள். நம்பிக்கை வராமல் வலது பக்கம் போனாள். மறுபடி இடது பக்கம் வந்தாள். சித்தப்பா பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்போல உட்கார்ந்திருந்தார்.

"இல்லை சித்தப்பா. போயிடுச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். தன்மேல் கோபமா என்று கொசு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கோபமா? நேத்தே கேட்டிருக்கலாமே, கொசு. பாரு, தூங்காம கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு."

அந்தத் தையல்காரர் போய்விட்டாரா என்று அடுத்ததாகக் கேட்டாள். எங்கே போவார், ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்குத் தன் மச்சானின் வண்டியையும் கொண்டுவருகிறாராம் என்றார் சித்தப்பா.

இருவரும் மலையடிவாரத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள். கடைசி வளைவில் சித்தப்பாவின் வண்டி தெரிகிறவரை கொசு வேறு எங்கும் பார்க்கவில்லை. அம்மா தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

வண்டிகளை மாற்றிக்கொண்டார்கள். கொசு பின்னால் ஏறி, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தாத்தாவின் புண் ஆறிவருவதைப் பற்றி அம்மா சொல்லிக்கொண்டே ஓட்டினார். பாதி காற்றோடு போயிற்று. மீதிப் பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.